இசைநிறை

பாட்டெழுதப் போகிறேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் நம் வட்டாரத்தில் அவன் பெயரை அடித்துவிடுகிறார்கள். சினிமாவுக்குப் போய்விட்டான், அவ்வளவுதான். அவன் எழுதியது நல்ல பாட்டா, மோசமான பாட்டா என்று பார்க்கிற சிரத்தைகூட யாருக்கும் இல்லை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய பிறகு கவிதை காதிலிருந்து கண்ணுக்கு இடம் மாறியது அவசியமான காரியம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேகத்தில் பாட்டைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டோம். யோசனை நின்ற இடத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் மட்டும் புழங்குகின்றன. மெட்டுக்கு எழுதுவது அடிமைத்தனம் என்பது ஒன்று. உள்ளே ஊற்று இருந்தால் பாட்டு தானாக வரும் என்பது மற்றது. முன்னது நம்முடையது, பின்னது பாட்டெழுதி மேடையேறுகிறவர்களுடையது. இரண்டையும் ராபர்ட் பர்ன்ஸை வைத்துப் பரிசீலிக்கலாம்.

ஆங்கில இலக்கியம் பட்டப்படிப்பாகப் படித்தவர்களுக்கு பர்ன்ஸ் ஓர் உழவர் கவி. இரண்டு மூன்று பாடல்கள், பரீட்சைக்கு ஒரு குறிப்பு. அவர் பாடல்களின் தலையில் மெட்டின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதை வாத்தியாரும் படிப்பதில்லை, மாணவனும் படிப்பதில்லை. எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்சன் என்ற செப்புத்தகடு செதுக்குபவர் 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளில் 600 ஸ்காட்லாந்துப் பாடல்களை இசைக்குறிப்போடு வெளியிட்டார். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பர்ன்ஸ் எழுதியவை, அல்லது கிடைத்த துணுக்குகளை அவர் செப்பனிட்டவை. பிறகு ஜார்ஜ் தாம்சன் நடத்திய தொகுப்புக்கும் எழுதினார். அநேகமாக எல்லாமே ஊரில் முன்பே புழங்கிய மெட்டுகள்.

தாம்சனுக்கு 1793 செப்டம்பரில் எழுதிய கடிதம் ஒன்றில் பர்ன்ஸ் தன் வேலைமுறையைச் சொல்கிறார். மெட்டு முழுக்க வசமாகாதவரை அதற்கு எழுத அவரால் முடியாது. மெட்டின் பாவம் என்ன, அதற்கு ஒத்த உணர்ச்சி எது என்று முதலில் யோசிப்பார். விஷயத்தைத் தேர்ந்த பிறகு முதல் சரணத்தைத் தொடங்குவார். அதுதான் கஷ்டமான பகுதி என்கிறார். அது அமைந்தபின் வெளியே நடப்பார், எங்காவது உட்காருவார், சுற்றிலும் பார்ப்பார், கட்டிய வரிகளை அவ்வப்போது மெட்டோடு முனகிப் பார்ப்பார். மனம் களைக்கிறது என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து கணப்போரத்தில் தனியாக உட்கார்ந்து காகிதத்தில் இறக்குவார். நாற்காலியின் பின்கால்களில் ஆடிக்கொண்டே. எழுதுகோல் வருவது கடைசியில்தான். பாட்டெழுத முனைகிற நம் இளைஞர்கள் எழுதுகோலோடு ஆரம்பிக்கிறார்கள். தத்தகாரத்தை வாங்கிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சொல் என்று நிரப்புகிறார்கள்.

ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் கழித்து, 1794 அக்டோபரில், அதே தாம்சனுக்கு பர்ன்ஸ் வேறு ராகத்தில் எழுதுகிறார். செக்குமாட்டு வாழ்க்கையில் பாட்டு எப்படி வரும்? நல்ல பாட்டு வேண்டுமென்றால் ஓர் அழகான பெண்ணைக் கண்டு வியக்கிற பத்தியத்தில் தன்னை இருத்திக்கொள்வாராம். இந்தக் கடிதத்தைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு முதல் கடிதத்தில்தான் நம்பிக்கை. இரண்டாவதை எழுதிய மனிதர் சுங்கவரி உத்தியோகஸ்தர். 1789இல் வேலையில் சேர்ந்து, வாரத்துக்கு 200 மைல் குதிரைமேல் போய்வந்து, பீப்பாய்களை அளந்து கணக்கெழுதியவர். அதாவது செக்குமாட்டு வாழ்க்கைதான். பேரேட்டில் இருப்பு நேராகும்வரை எழுந்திருக்க முடியாத உத்தியோகத்தில் இருப்பவன் என்ற முறையில் இது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. முனகுவதற்குக் கை தேவையில்லை. கை பீப்பாயில் இருக்கும்போது வாய் மெட்டில் இருக்கலாம்.

மெட்டு அடிமைப்படுத்துவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. புரூஸ் மன்னன் தன் படைக்குச் சொல்வதாக பர்ன்ஸ் 1793இல் ஒரு பாட்டு எழுதினார். பழைய மெட்டு ஒன்றுக்குப் பொருந்திய சின்ன ஈற்றடிகள் அதற்கு. தாம்சனுக்கு அந்த மெட்டு பிடிக்கவில்லை. வேறொரு மெட்டைச் சொல்லி ஈற்றடியை நீட்டச் சொன்னார். பர்ன்ஸ் நீட்டினார். ஈற்றடிகளில் கூடுதல் சொற்கள் வந்து உட்கார்ந்தன. வெட்டாக இருந்த அடி வியாக்கியானமாயிற்று. பிற்பாடு தாம்சனே பழைய மெட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இப்படி வந்து உட்காரும் சொல்லுக்கு நம் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு: இசைநிறை. ஏகாரத்துக்கு நன்னூல் சொல்லும் ஆறு பொருள்களில் அதுவும் ஒன்று. பொருளின்றி ஓசையை நிரப்புவது. அன்று ஓர் எழுத்தோடு நின்ற இந்தக் காரியத்தை இன்று நிலவும் தென்றலும் முழுச் சொற்களாகச் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு பாட்டில் எத்தனை சொற்கள் இசைநிறையாக நிற்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்ல விமர்சனப் பயிற்சி.

இன்னொன்று வகையுளி. சீருக்காகச் சொல்லை உடைத்தாலும் அச்சில் கண் ஒட்டிக்கொள்ளும். தாளம் உடைத்த சொல்லைக் காதால் ஒட்ட முடியாது. கேட்கிறவன் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. நீண்ட கார்வை விழும் இடத்தில் நெடிலை வைத்தால் பாடகர் அதில் நிற்கலாம். மகர, னகர ஒற்றிலும் ஓரளவு நிற்கலாம். வல்லின ஒற்றில் முடியாது. பல்லவி திரும்பத் திரும்ப வருவது. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்பும் அதே வரி கொஞ்சம் வேறாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சரணங்கள் வேலை செய்யவில்லை.

அச்சுக் கண்ணால் பாட்டைப் பார்க்கிற தவறு நம்மோடு தொடங்கியதல்ல. கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனபோது, இலக்கணப் பிழைகளைக் கண்டு அவர் தட்டிக்கழித்ததையும், பாரதி காத்திருந்த நேரத்தில் பாடியதைக் கேட்டு உருகிப் பாயிரம் தந்ததையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். பிழைகள் அப்படியேதான் இருந்தன. பாரதியின் தேசபக்திப் பாடல்கள் சில அதே நந்தன் மெட்டுகளில் அமைந்தவை. இதை நாம் அவருடைய எளிமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மெட்டில் ஏற்கெனவே இருந்த சேரியின் குரலை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று யாரும் விரிவாக எழுதினால் படிக்க ஆசை.

பர்ன்ஸ் இந்தப் பாடல்களுக்குக் கூலி வாங்கவில்லை. 1793இல் தாம்சன் ஐந்து பவுன் அனுப்பியபோது கோபித்துக்கொண்டார். 1796 ஜூலை 12ஆம் தேதி அவரே ஐந்து பவுன் கேட்டு எழுதினார். துணிக்கடைக்காரர் ஒருவர் பழைய பாக்கிக்காகச் சிறையில் போடுவதாக மிரட்டியிருந்தார். சும்மா வேண்டாம், அந்தத் தொகைக்குப் பாட்டு தருகிறேன் என்று எழுதி, அன்று காலை ஒரு மெட்டுக்கு முயன்றதைப் பின்பக்கத்தில் சேர்த்திருந்தார். அளவு மிகவும் சிக்கலாக இருப்பதால் வரிகளில் பெரிதாக ஒன்றும் ஏற்ற முடியவில்லை என்று ஒரு குறிப்பு. ஒன்பது நாள் கழித்து, 37 வயதில், இறந்தார்.