உடையாத குவளை

ஜெர்மானியக் கவிஞர் ஊலாந்து 1834இல் இயற்றிய ‘ஈடன்ஹாலின் நற்பேறு’ என்னும் கதைப்பாடலில், செருக்குற்ற இளம்பிரபு கண்ணாடிக் குவளையை மோதி உடைக்கிறான். உடனே பகைவர் புகுந்து அவனை வெட்டி வீழ்த்துகின்றனர். கண்ணாடி என்றாலே உடைதல்தான் எனக் கொண்ட உவமை. நமக்கு அது நிறைவளிக்கவில்லை. அந்நூர் அத்தியாயம் (24:35) கண்ணாடியை ஒளிரும் விண்மீனுக்கன்றோ ஒப்பிடுகிறது!

மெய்யான குவளை உடையவேயில்லை. ஏறத்தாழ 1350இல் சிரியாவில் பொன்னும் எனாமலும் தீட்டிச் செய்யப்பட்ட அது, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் முழுமையாக இருக்கிறது. கல்லால் எழுந்த ஈடன்ஹால் மாளிகையோ 1934இல் இடிக்கப்பட்டது. உடைந்தால் குடிகெடும் என்ற அச்சமும், 15ஆம் நூற்றாண்டுத் தோலுறையும் குவளையைக் காத்தன. இந்தத் தோலுறையைக் கவிஞர் பாடவில்லை. தேவதைகள் விட்டுச்சென்றது என்னும் பழங்கதையில் அதை ஊதிச் சமைத்த கைவினைஞனுக்கும் இடமில்லை.