அரூப வெளிப்பாட்டிய ஓவியங்களில் கறுப்பு: குறியீடும் செயற்பாடும்

முன்னுரை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூயார்க்கில் வளர்ந்த அரூப வெளிப்பாட்டிய ஓவியங்களில் கறுப்பு முதன்மையான இடம் பெறுகிறது. அதனைத் துயரம், இறப்பு ஆகியவற்றின் குறியீடாகக் கொள்ளும் வழக்கம் திறனாய்வில் உண்டு. ஓர் ஓவியருக்குப் பொருந்தும் இவ்விளக்கம் ஓர் இயக்கம் முழுமைக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இரங்கலின் கறுப்பு

ராபர்ட் மதர்வெல் 1948-இல் தொடங்கிய ‘ஸ்பானியக் குடியரசுக்கான இரங்கற்பா’ வரிசை நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களாக விரிந்தது. நெடிய கரும்பட்டைகளுக்கு இடையே கருநிற நீள்வட்டங்கள் நெருக்குண்டு நிற்கின்றன. தலைப்பே இரங்கலைச் சுட்டுவதால் குறியீட்டு விளக்கத்திற்கு இங்கு அகச்சான்று உண்டு. எனினும், 1950-இல் ஒரு கண்காட்சிக்காக எழுதிய குறிப்பில் மதர்வெல், எலும்பைக் கரித்துப் பெறும் நிறமி என்னும் பருப்பொருள் நிலையிலும் கறுப்பை நோக்கியுள்ளார்.

கட்டுமானத்தின் கறுப்பு

ஃபிரான்ஸ் கிளைனின் ‘சீஃப்’ (1950) ஓவியத்தின் பெயர் அவர் இளமையில் கண்ட ஒரு நீராவி எஞ்சினின் பெயராகும். இங்குக் கறுப்பு அழவில்லை, தாங்குகிறது, உந்துகிறது. இவருடைய கோடுகளைக் கீழைநாட்டுத் தூரிகை எழுத்துக்கலையோடு ஒப்பிட்டோர் உளர். கிளைன் அதனை ஏற்கவில்லை. அவர் மறுப்புக்கு ஓவியமே சான்று. எழுத்துக்கலையில் வெண்மை என்பது எழுதப்படாது எஞ்சிய தாள். கிளைனிடம் வெண்மையும் தீட்டப்பட்டது. கறுப்பின் விளிம்பை அது வெட்டி வடிவமைக்கிறது.

ஊறலும் மறைவும்

ஜாக்சன் போலக் 1951-இல், முற்பூச்சு இடப்படாத துணியில் நீர்த்த கருநிற எனாமலை ஊற்றினார். வண்ணம் துணியின்மேல் படியாமல் அதனுள் ஊறியது. கோடும் கறையும் ஒன்றாயின. இவ்வியக்கத்தாரோடு பழகியும் அவர்களுடைய உணர்ச்சி முழக்கத்தை எதிர்த்த ஆட் ரைன்ஹார்ட், 1960 முதல் ஐந்தடிச் சதுரக் கறுப்பு ஓவியங்களை வரைந்தார். செம்மை, நீலம், பசுமை ஆகியன மிக நுண்ணிதாகக் கலந்த கறுப்புகளால் ஆன சிலுவை வடிவம், நெடுநேரம் நோக்கினாலன்றிப் புலப்படாது. இங்குக் கறுப்பு உணர்ச்சியை உரைப்பதன்று. பார்வையின் வேகத்தைத் தணிப்பது.

முடிவுரை

மதர்வெல்லிடம் இரங்கலாகவும், கிளைனிடம் தாங்குவிசையாகவும், போலக்கிடம் ஊறலாகவும், ரைன்ஹார்ட்டிடம் காலமாகவும் கறுப்பு செயற்படுகிறது. போர்க்காலப் பட்டறிவு இவ்வோவியங்களில் இல்லை என்பது இதன் பொருளன்று. அதற்கான சான்று நிறத்தின் மரபுப்பொருளிலிருந்து அன்றி ஓவியப்பரப்பிலிருந்தே பெறப்பட வேண்டும் என்பதே கருத்து. விளிம்பு, பளபளப்பு, ஊறல் ஆகியன அச்சுப்படியிலும் திரையிலும் பெரிதும் மறைந்து, எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பாகிவிடுகின்றன. படிகளை மட்டுமே கொண்டு ஆராய்வோருக்குக் குறியீட்டு விளக்கம் எளிதாகக் கைகொடுப்பது இதனாலேயே. ஆகவே, ‘கறுப்பு எதைக் குறிக்கிறது’ என்பதற்கு முன், ‘இவ்வோவியத்தில் கறுப்பு என்ன செய்கிறது’ என வினவுதல் தகும்.