கரண்ட் பட்டா மறைஞ்சிருவானா?

அப்பாவுக்கு வயர்மேன் வேலை. சாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். நான் ஐந்தாவது படிக்கும்போது பழைய பேப்பர் கடையில் ஒரு 'இரும்புக்கை மாயாவி' காமிக்ஸ் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் இல்லை. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதந்துவரும். இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி அப்பா புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"கரண்ட் பட்டா எவன்டா மறைவான்? கருகிப்போவான்."

அவர் கேலி செய்யவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் அவரோடு வேலை பார்த்த ஒருவரைக் கம்பத்திலிருந்து இறக்கியிருந்தார்கள். மகன் ப்ளக் பாயிண்டில் கையை விட்டுவிடக்கூடாதே என்கிற பயம். ஆனால் எனக்கு அந்த வாக்கியம் ஒரு வாசிப்பு முறையாகவே ஆகிவிட்டது. எந்தக் கதையை எடுத்தாலும் முதல் கேள்வி: "இது நடக்குமா?"

இன்ஜினியரிங் படிப்பு அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. அறிபுனைவு படிக்கலாம், ஏனென்றால் அது நடக்கக்கூடியது. மிகுபுனைவு பிள்ளைகளுக்கானது, ஏனென்றால் டிராகன் கிடையாது. இப்படி ஒரு கோடு போட்டுக்கொண்டு ஏழெட்டு வருடம் படித்தேன். அது எவ்வளவு தப்பான கோடு என்று புரிந்துகொண்ட கதைதான் இந்தக் கட்டுரை.

*

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நான் படித்தது கல்லூரி முதலாண்டில், விடுதியில் அறை அறையாகக் கைமாறி வந்த ஒரு பிரதியில். பென்சிலை எடுத்து ஓரத்தில் 'வந்தாச்சு', 'வரலை', 'வராது' என்று குறித்துக்கொண்டே போனேன். கதை நடக்கும் காலம் 2020களின் தொடக்கம். அந்த வருடங்கள் நிஜமாகவே வந்தபோது நண்பர்கள் எல்லோரும் செய்ததும் இதைத்தான். சுஜாதா சொன்னதில் எத்தனை பலித்தது? ஏதோ ஜாதகம் பார்ப்பதுபோல.

பிறகு மறுபடி படித்தபோதுதான் என்னுடைய பென்சில் குறிகள் எவ்வளவு அபத்தமான இடங்களில் விழுந்திருக்கின்றன என்று தெரிந்தது. கருவிகளுக்குப் பக்கத்திலெல்லாம் குறி இருந்தது. மனிதர்களின் பெயர்களை அரசாங்கமே இரண்டு எழுத்தாகச் சுருக்கியிருக்கிறது என்ற வரியின் பக்கத்தில் ஒன்றும் இல்லை. குழந்தை பெற்றுக்கொள்ள நிலாவுக்கு அனுமதி வேண்டியிருக்கிறதே, அங்கேயும் இல்லை. நாடே தலையில் வைத்துக் கொண்டாடும் ஜீவா என்கிற தலைவர் ஓர் ஆளே கிடையாது, ஒளியில் உருவான பிம்பம் என்று தெரியவரும் இடத்தின் ஓரத்தில் 'ஹோலோகிராம் – வரும்' என்று எழுதி வைத்திருந்தேன்! இல்லாத ஒருவரை ஏன் ஒரு தேசம் நம்புகிறது என்று சுஜாதா கேட்கிறார். நான் ப்ரொஜெக்டர் எந்தக் கம்பெனி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. பாதி மனிதர்கள் ஒரே மாதிரித் துடுக்காகப் பேசுகிறார்கள். நினைவில் நிற்பது ஜீனோ என்கிற இயந்திர நாய்தான். முன்பு இதைப் பலவீனம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பெயர்கூடச் சொந்தமாக இல்லாத ஜனங்களுக்கு நடுவில் ஓர் இயந்திரம் மட்டும் புத்தகம் படித்து, கிண்டல் அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தனி ஆளாக மாறுகிறது. மனிதர்கள் தட்டையாக இருப்பதற்கு அந்த ஆட்சியே காரணமாக இருக்கலாம். இந்தக் கோணத்தில் யோசிக்க 'நடக்குமா?' என்கிற கேள்வி என்னை விடவே இல்லை.

*

கோட்டை முழுசாக அழித்தவர் டெட் சியாங். அமெரிக்கர். கணினி அறிவியல் படித்தவர், மென்பொருள் துறையில் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் வேலை பார்த்தவர். நம்ம ஆளு என்கிற நம்பிக்கையில்தான் எடுத்தேன். 1990இல் வந்த அவருடைய முதல் கதை பாபிலோன் கோபுரத்தைப் பற்றியது. பைபிளில் வருகிற அதே கோபுரம். செங்கல் வண்டியை இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போய்ச்சேர நான்கு மாதம் ஆகும். கோபுரத்திலேயே பிறந்து, அங்கேயே காய்கறி போட்டு வாழ்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். ஏறிக்கொண்டே போனால் சூரியன் கீழே போய்விடுகிறது. உச்சியில் வானம் கருங்கல் கூரையாக நிற்கிறது. அதை உடைத்து மேலே போகத்தான் ஹில்லாலும் என்கிற சுரங்கத் தொழிலாளியையும் அவனுடைய கூட்டாளிகளையும் வரவழைத்திருக்கிறார்கள்.

'நடக்குமா?' என்று கேட்டால் முதல் பக்கத்திலேயே மூடிவைக்க வேண்டியதுதான். ஆனால் நான் அதுவரை படித்த எந்த 'நடக்கக்கூடிய' கதையிலும் இவ்வளவு கறாரான கணக்கு இல்லை. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் மோதாமல் இருக்கத் தனித்தனிப் பாதை. வானத்துக்குமேல் தண்ணீர் இருந்தால் சுரங்கம் வழியாகக் கொட்டி உலகமே மூழ்கிவிடுமே என்று, வழியை அடைக்க எகிப்தியர்கள் கல்கதவு அமைக்கிறார்கள். உலகத்தைப் பற்றிய ஒரே ஓர் அடிப்படையை மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நேர்மையாக ஓடவிடுகிறார். நமக்குப் பழக்கமான ஆட்டம்தான். விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தால் வேதாளம் மரமேறிவிடும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். மென்பொருள்காரனுக்கு அது அருமையான டெட்லாக். இதை ஏன் நான் பிள்ளைகள் கதை என்று ஒதுக்கிவைத்தேன்?

ஒரு கதை பிடித்துப்போவதற்கு அதன் உலகம் நிஜமாக இருக்கத் தேவையில்லை. அது போட்ட விதியை அதுவே மதிக்க வேண்டும். அந்த விதிக்கு யாராவது ஒரு மனிதன் விலை கொடுக்க வேண்டும். இப்படி ஒரு கொள்கையை உருவாக்கிக்கொண்டு கொஞ்சகாலம் திருப்தியாக இருந்தேன்.

*

சியாங்கின் இன்னொரு கதை 1998இல் வந்தது. 2016இல் 'அரைவல்' என்ற படமாகவும் ஆனது. வேற்றுலகவாசிகளின் மொழியைக் கற்கும் லூயிஸ் என்கிற மொழியியலாளர், தன் மகளிடம் பேசுவதுபோல எழுதப்பட்ட கதை. அந்த மொழியில் ஒரு வாக்கியத்தின் முதல் கோட்டை இழுக்கும்போதே முழு வாக்கியமும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் படிக்கப் படிக்க லூயிஸுக்குக் காலமும் அப்படியே தெரிய ஆரம்பிக்கிறது. பிறக்கப்போகும் மகள் இருபத்தைந்து வயதில் பாறை ஏறும்போது விழுந்து இறப்பாள் என்று தெரிந்தும் அவளைப் பெறுகிறார்.

இருபதுகளில் படித்தபோது ஒரு பக் கண்டுபிடித்தேன். தெரிஞ்சிருந்தா தடுத்திருக்கலாமே? நான் உருவாக்கிய கொள்கைப்படி பார்த்தால் கதை தோற்றுவிட்டது. விதியை மீறாமல் இருக்க அந்தத் தாய் பொம்மையாக்கப்பட்டிருக்கிறாள் என்று நண்பர்களிடம் வாதாடினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். மிஞ்சிப்போனால் ஆறு மாசம் என்றார் டாக்டர். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். சாயங்காலங்களில் அவருக்குப் பொழுது போகாது. டிவி பிடிக்காது. ஒருநாள் சும்மா அந்தக் கோபுரக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அதில் வண்டி இழுப்பவர்கள் ஹில்லாலுமிடம் ஒரு விஷயம் சொல்வார்கள். உச்சியில் ஒருவனுடைய கரண்டி கீழே விழுந்தால் எல்லோரும் அழுவார்கள், வேறு கரண்டி வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அவன் கடன்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும். ஆனால் ஆள் விழுந்து கரண்டி மிஞ்சினால் உள்ளுக்குள் நிம்மதி, விட்டவன் யாராவது அதை எடுத்துக்கொள்ளலாம் என்று.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சும்மா சொல்றானுங்கடா. அம்புட்டு செங்கலு ஏத்துறவன் நாலு கரண்டி சேத்து ஏத்தமாட்டானா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கதையில் ஹில்லாலும் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். புது ஆளை ஏமாற்ற முடியவில்லையே என்று இழுப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அதைச் சொன்னதும் அப்பாவும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம்?" என்றார்.

வானம் கல்லாக இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. கம்பம் ஏறியவருக்கு உயரத்தில் வேலை செய்கிற ஆட்களைத் தெரிந்தது, அது போதுமாக இருந்தது. அந்தக் கதையை நான்கு சாயங்காலம் சொன்னேன். முடிந்ததும் ஒரு வாரம் கழித்து மறுபடி சொல்லச் சொன்னார். முடிவு தெரியுமேப்பா என்றேன். "தெரிஞ்சா என்ன, சொல்லு" என்றார். அப்போதுதான் சியாங்கின் மற்றக் கதை திரும்பி வந்தது. அதில் குழந்தையாக இருக்கும் மகள், மனப்பாடமாகத் தெரிந்த கதையைத்தான் தினமும் படிக்கச் சொல்வாள். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் இருக்கும் எதுவும் வீணாகிவிடுவதில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் எல்லோருக்கும் முடிவு தெரியும். அம்மா தினமும் கஞ்சி வைத்தார், அப்பா தினமும் உப்பு பத்தலை என்றார். யாரும் பொம்மை இல்லை. நான் பக் என்று குறித்து வைத்திருந்த இடம்தான் அந்தக் கதையின் உயிர்.

அதற்காக என் கொள்கை தவறு என்று சொல்லவில்லை. விதி, விலை எல்லாம் சரிதான். ஆனால் அது கதையை ஓட்டிப் பார்க்கிறவனின் கொள்கை. கதைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 'அப்புறம்?' மட்டும்தான் இருக்கிறது. மாயாவி புத்தகத்தை வைத்திருந்த அந்த இரண்டு நாளும் எனக்கும் அதுதான் இருந்தது.

லூயிஸ் தன் மகளின் வாழ்க்கையை எதிர்காலத்தில் சொல்வார்: நீ இப்படிச் செய்வாய், இப்படிக் கேட்பாய் என்று. ஆங்கிலத்தில் அது உறுத்தும், நம்மை நிறுத்தும். தமிழில் அவ்வளவாக உறுத்தாது என்று தோன்றுகிறது. பழக்கமாக நடந்து முடிந்ததைச் சொல்லவும் நாம் எதிர்கால வினையைத்தானே பயன்படுத்துகிறோம். போன மாதம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அப்பாவைப் பற்றி விசாரித்தார். வெளியே திண்ணையில்தான் உட்காருவார், அஞ்சரைக்கே எழுந்துருவார், பேப்பர் வர்றவரைக்கும் ரேடியோ கேப்பார் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் கேட்டுவிட்டு, "இப்ப வெளிய போயிருக்காரா?" என்றார்.