உப்புப் பாராத கஞ்சி

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் சிறுகதைகளை ஆண்டுதோறும் படித்து வருகிறோம். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. செல்வர் ஒருவர் ஏழையை விரட்டுவார், நோயில் வீழ்வார், இறுதியில் மனந்திருந்திப் பள்ளிவாசலை நோக்கி நடப்பார். அத்தகைய செல்வரை எழுதிய பிள்ளை கண்டதே இல்லை. வீட்டில் 'வாப்பா' என்றழைப்பவன் கதையில் 'தந்தையே' என்கிறான். குற்றம் அவனுடையதன்று. நீதி சொல்லாத கதை கதையன்று எனப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய யாமே.

சூரா யூஸுஃபை நோக்குக. அழகிய வரலாறு என இறைவனே சிறப்பித்தது அது. அதில் சட்டை மும்முறை வருகின்றது: பொய்க் குருதி தோய்ந்து ஒருமுறை, பின்புறம் கிழிந்து குற்றமின்மைக்குச் சான்றாக ஒருமுறை, பார்வையிழந்த தந்தையின் முகத்தில் இடப்பெற்று ஒளி மீளும்போது ஒருமுறை. பொறாமையும் கற்பும் பொறுமையும் அந்தத் துணியைப் பற்றியே நம் நெஞ்சில் நுழைகின்றன. (இறைவேதத்தைக் கதைத்தொழிலுக்கு அளவுகோலாக்குகிறோம் என எவரும் கொள்ளற்க.) பொருள் கருத்தைச் சுமக்கும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் பயனில்லை, பிள்ளைகளைக் காணச் செய்ய வேண்டும்.

ஆகவே ரமலான் ஒன்றில் மாணவர் சிலரை, நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்துக்கு ளுஹருக்குப் பின் அனுப்பினோம். குறிப்பேடு வேண்டா, நோன்பு திறக்கும்வரை உடனிருந்து வேலை செய்யுங்கள் என்றோம். அரிசி களைந்தார்கள், பூண்டு உரித்தார்கள். மறுநாள் எழுதியதோ 'கஞ்சியின் மாண்பு' என்னும் கட்டுரை! அனுபவம் யாவும் கல்வியாகிவிடா என ஜான் டூயி 1938இல் எழுதியது சரியே. எதிரே அமர்த்தி, எதைக் கண்டு வியந்தீர்கள் என வினவினோம். நெடுநேரம் மௌனம்.

பிறகு ஒருவன் சொன்னான்: "ஹஜ்ரத், காய்ச்சுகிறவரும் நோன்பாளி. உப்புப் பார்க்காமலே அண்டாவை இறக்கிவிட்டார்."

தேவை கருதி நாவில் வைத்துத் துப்பிவிட அனுமதியுண்டு. அவர் அதையும் நாடவில்லை போலும். அவன் கதை அங்கேதான் பிறந்தது. பாங்கு ஒலித்தபின்னும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதற்கோப்பையைக் குடிப்பவரின் முகத்தையே பார்த்து நிற்கிறார் சமையற்காரர். அவ்வளவே. இக்லாஸ் என்னும் சொல் அதில் ஓரிடத்தும் இல்லை.

இம்முறையில் ஓர் இடரும் உண்டு. அதை மறைத்தல் தகாது. மாணவி ஒருத்தி தன் உம்மாவைப் பற்றி எழுதினாள். எதை எழுதினாள் என்பதை இங்கே கூறோம். யாம் மகிழ்ந்து வகுப்பில் உரக்கப் படித்துவிட்டோம். இரண்டு நாளில் அவள் உம்மா வந்து வாசலில் நின்றார்.

"ஹஜ்ரத், பிள்ளை பொய் எழுதவில்லை. ஆனால் தெருவெல்லாம் தெரிந்துபோயிற்றே."

உண்மையே ஆயினும், உரியவர் வெறுப்பதை அவரில்லாத இடத்தில் பேசுவது புறம் என்று ஹதீஸ் பாடத்தில் ஆண்டுதோறும் கற்பிக்கும் எம்மிடம் விடை இல்லை. பிழை எம்முடையது.

இதனால்தான் கற்பனைச் செல்வரே மேல் என்பார் சிலர். அதனை யாம் ஏற்கோம். எழுதுவது வேறு, ஊரறியச் செய்வது வேறு. இப்போதெல்லாம், கதைக்கு உரியவரிடம் முதலில் படித்துக் காட்டுமாறு சொல்கிறோம். சிலர் ஊரையும் உறவையும் மாற்றச் சொல்வர். சிலர் சிரித்துக்கொண்டே ஒப்புவர்.

அந்த உம்மா ஒப்பவில்லை. யாம் படித்த பிள்ளைகளின் கதைகளில் அதுவே தலைசிறந்தது. தாள்களை அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். படி எடுத்து வைக்கவில்லை.