விரிதாளிலிருந்து இணைய அடைவு: பெரம்பலூர், அரியலூர் ட்ரோன் ஆய்வு விமானிகள் பட்டியல் குறித்து

சுரங்கம், ஆலைப் புகைபோக்கி, பாலம், மின்கோபுரம் போன்றவற்றை ட்ரோன் மூலம் படம்பிடித்து, அவற்றின் நிலையைக் கண்டறிந்து சொல்பவர் ட்ரோன் ஆய்வு விமானி. இத்தகையோரின் பெயர், ஊர், தொலைபேசி எண், செய்யும் வேலை ஆகியவற்றை ஓரிடத்தில் திரட்டித் தேடும் வசதியுடன் தருவது இணைய அடைவு. எக்செல் அல்லது கூகுள் விரிதாளில் இருக்கும் ஒரு பட்டியலை அடைவாக மாற்றுவது இன்று எளிது. அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அப்படியொரு விரிதாளைக் கொண்டுவந்து, ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் தமிழில் சரிபார்த்துத் தரும்படி கேட்டார். இரண்டு நாள் அதனுடன் உட்கார்ந்த பிறகு எனக்குத் தோன்றியதே இக்கட்டுரை. விரிதாளை இணையப் பக்கமாக்குவது ஒரு மாலைநேர வேலை. ஒவ்வொரு வரியும் உண்மை என்று ஒருவர் பொறுப்பேற்கும்போதுதான் அது அடைவாகிறது. அந்தப் பொறுப்பை யாரும் ஏற்காத பட்டியல், பட்டியலே இல்லாததைவிடத் தீங்கானது.

இப்பகுதியில் இதன் தேவை

பெரம்பலூரும் அரியலூரும் வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெரம்பலூரின் முதன்மைப் பயிர்கள். அரியலூரில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. கடல் இருந்த காலத்தின் எச்சம் அது. அம்மோனைட் போன்ற கடல் உயிரினங்களின் புதைபடிவங்களும் இங்கே கிடைக்கின்றன. அந்தக் கல்லை நம்பியே அரசு சிமெண்ட் ஆலையும் தனியார் சிமெண்ட் ஆலைகள் பலவும் இங்கே அமைந்தன.

இச்சுரங்கங்களே ட்ரோன் ஆய்வுக்கு உறுதியான வேலை தருபவை. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின்படி, ஆண்டுக்கு 10 லட்சம் டன் அல்லது அதற்கு மேல் தோண்டும் திட்டமுள்ள சுரங்கங்களும், 50 எக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகைப் பரப்புள்ள சுரங்கங்களும் ஆண்டுதோறும் ட்ரோன் அளவைப் படங்களை இந்தியச் சுரங்கப் பணியகத்துக்குத் தர வேண்டும். குத்தகை எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரையும் அப்படம் காட்ட வேண்டும். எல்லை தாண்டித் தோண்டினால் அது படத்தில் தெரிந்துவிடும் என்பதால், சுரங்கத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கும் இவ்விதி முக்கியமானது.

இன்னொரு காரணம் பழையது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதாகி, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஒரு கட்டுமானத்தை உரிய நேரத்தில் பார்த்து, கண்டதைச் சரியாகச் சொல்லும் ஆள் எவ்வளவு தேவை என்பதை இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது

ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்டன. எடையைப் பொறுத்து ட்ரோன்கள் ஐந்து வகை: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமின்றி இயக்கும் மைக்ரோ ட்ரோனுக்கும் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. மற்றவற்றுக்கு வேண்டும். 18 முதல் 65 வயதுக்குள் இருப்பவர், பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்று, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் முடித்தால் சான்றிதழ் பெறலாம். அது 10 ஆண்டுகள் செல்லும். நானோ தவிர மற்ற ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

பத்தாம் வகுப்பு போதும் என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய வாசல். 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட நமோ ட்ரோன் தீதி திட்டம், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்குவதை இலக்காகக் கொண்டது. எனவே சான்றிதழ் பெற்றவர்களின் பெயர்கள் விரிதாள்களில் சேர்ந்துகொண்டே போகின்றன. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

பறக்கவிடுவதும் ஆய்வதும்

நான் பார்த்த விரிதாளில் ‘பணி’ என்ற நெடுவரிசையில் பெரும்பாலும் ஒரே சொல் இருந்தது: ‘ட்ரோன் பைலட்’. இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேலைகள் அடங்கியிருக்கின்றன.

மருந்து தெளிப்பவர் சுமார் 10 லிட்டர் தொட்டி கொண்ட ட்ரோனைப் பயிருக்குச் சில மீட்டர் மேலே, நேர்கோட்டில், சீரான வேகத்தில் ஓட்டுகிறார். காற்றின் திசையும் மருந்தின் அளவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுரங்கத்தை அளப்பவர் தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் குறித்து, அவற்றைத் துல்லிய ஜிபிஎஸ் கருவியால் அளந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறார். பிறகு அவற்றை இணைத்து வரைபடமாக்கி, தோண்டிய கனஅளவைக் கணக்கிடுகிறார். பறப்பது இவ்வேலையில் சிறுபகுதிதான்.

ஆலைப் புகைபோக்கியையும் உயர்ந்த கோபுரத்தையும் பார்ப்பவர் சுவரை நெருங்கிப் பறக்க வேண்டும். சுற்றியுள்ள இரும்பு ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். சூடான காற்று அதைத் தூக்கிப்போடும். வெப்பக் கேமராவில் தெரியும் பிரகாசமான புள்ளி உட்பூச்சு தேய்ந்த இடமா, வெயில் பட்ட இடமா என்று பிரித்தறியவும் வேண்டும்.

பாலத்தின் அடிப்பகுதியைப் பார்ப்பவருக்கு ஜிபிஎஸ் சமிக்ஞையே சரியாகக் கிடைக்காது. அங்கே காணும் கோடு மேற்பூச்சின் வெடிப்பா, கான்கிரீட்டின் விரிசலா, மழைநீர் வழிந்த கறையா என்று சொல்லத் தெரியாவிட்டால் எடுத்த படத்தால் பயனில்லை.

விமானிச் சான்றிதழ், இன்ன வகை, இன்ன எடைப் பிரிவு ட்ரோனை விதிப்படி பறக்கவிட இவர் தகுதியுடையவர் என்று சொல்கிறது. விரிசலைப் படிக்கத் தெரியுமா என்று அது சொல்வதில்லை. ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் எல்லாம் வண்டியின் இன்ஜினைப் பழுதுபார்க்க முடியாது என்பது போன்றது இது. ‘சான்றிதழ் உண்டு’ என்ற ஒரே ஆதாரத்தை வைத்து ஒருவரை ‘ஆய்வு விமானி’ என்று பட்டியலிட்டால், மக்காச்சோளக் காட்டில் நன்றாக மருந்து தெளிக்கும் இளைஞருக்குப் பாலம் பார்க்கும் அழைப்பு வரும். வருமானம் வேண்டியிருப்பதால் அவர் மறுக்கவும் மாட்டார். எதையும் காணாமல் ‘பழுதில்லை’ என்று அவர் எழுதிக் கொடுத்தால், அதை நம்பிப் பாலத்தைக் கடப்பவர்கள் யாரோ.

விரிதாள் செய்யும் பிழைகள்

விரிதாள் கணக்குக்காகப் பிறந்தது. எண்ணைப் போலத் தோன்றும் எதையும் அது எண்ணாகவே நடத்தும். அரியலூரின் தொலைபேசிக் குறியீடு 04329, பெரம்பலூருடையது 04328. முதலில் வரும் சுழியத்தை அது தானாகவே நீக்கிவிடும். நாட்டுக் குறியீடு 91 சேர்த்த கைப்பேசி எண்ணுக்கு 12 இலக்கம். அகலம் பழகாத கட்டத்தில் அது அறிவியல் குறியீட்டு எண்ணாகச் சுருங்கித் தெரியும். அப்படியே சேமித்து வேறிடத்துக்கு மாற்றினால் கடைசி இலக்கங்கள் போய்விடும். 05-06-2032 என்ற சான்றிதழ் முடிவுத் தேதி நமக்கு ஜூன் 5. அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மே 6.

இவற்றைவிட மோசமானது, ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துவது. பெயர்கள் இடம் மாறும். எண்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். மதிப்பெண் பட்டியலில் இப்படி நடந்தால் ஒரு பிள்ளையின் மதிப்பெண் இன்னொரு பிள்ளைக்குப் போகும். விமானிகள் பட்டியலில் ஒருவரின் சான்றிதழ் எண் இன்னொருவருக்குப் போகும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

இது சிற்றூர்க்காரர்களின் அறியாமை என்று யாரும் எண்ண வேண்டாம். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகை எக்செல் கோப்பைப் பயன்படுத்தியதால், அதன் வரிசை வரம்பைத் தாண்டிய கொரோனா நோயாளிகளின் விவரங்கள் விடுபட்டன. விடுபட்டவை 15,841. அதே ஆண்டில், எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அறிவியலாளர்கள் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

‘மாவட்டம்’ என்ற நெடுவரிசை

நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடி தனியானது. ஆகவே ஜெயங்கொண்டத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்களில் 1990இல் பிறந்தவருக்குத் திருச்சி மாவட்டம், 1998இல் பிறந்தவருக்குப் பெரம்பலூர், 2001இல் பிறந்தவருக்கு அரியலூர், 2005இல் பிறந்தவருக்கு மறுபடி பெரம்பலூர் என்று பிறப்பு ஆவணங்கள் சொல்லும். ட்ரோன் பயிற்சிக்கு வரும் வயதினர் இவர்களே. பழைய ஆவணத்தைப் பார்த்து நிரப்பிய விரிதாளில், ஜெயங்கொண்டத்துக்காரரை அரியலூர் என்று தேடினால் கிடைக்க மாட்டார். அஞ்சல் குறியீட்டு எண்ணும் உதவாது. இரு மாவட்டத் தலைநகரங்களின் எண்களும் 621 என்றே தொடங்குகின்றன.

எழுத்து வேறுபாடு தனி. ஜெயங்கொண்டம், ஜயங்கொண்டம், செயங்கொண்டம் மூன்றும் ஒரே ஊர் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் எழுதுபவரும் பின்னால் எழுதுபவரும் இரண்டு ஆட்களாகிவிடுவார்கள். மாவட்டத்துக்குப் பதிலாக வட்டத்தையும் ஊரையும், எவ்வளவு தூரம் வேலைக்கு வருவார் என்பதையும் கேட்பது இதற்கு எளிய தீர்வு.

ஒப்புதல்

பயிற்சிக்குச் சேரும்போது கொடுத்த கைப்பேசி எண், உலகுக்குக் காட்டுவதற்காகக் கொடுத்ததன்று. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற ஒப்புதல் அந்த நோக்கத்துக்கு மட்டுமே செல்லும் என்கிறது. சட்டத்தை விடுங்கள்; சுயஉதவிக் குழுவில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் எண்ணையும் ஊரையும் கேட்காமல் இணையத்தில் போட்டால், முன்பின் தெரியாதவர்களின் இரவு நேர அழைப்புகளுக்கு யார் பதில் சொல்வது? வீட்டில் ஒரு சண்டை வந்தால் அவர் ட்ரோனையே விட்டுவிடுவார். எண்ணைக் காட்டாமல், கேட்பவரின் செய்தியை அவருக்கு அனுப்பும் வசதி வைப்பது கடினமான வேலை அன்று.

பெயர்ப்பட்டியல் முறை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளிகளில் பெயர்ப்பட்டியல் தயாராகும். வகுப்பாசிரியர் எழுதுவார், பிறகு ஒவ்வொரு மாணவரையும் கூப்பிட்டு அவரவர் வரியைக் காட்டுவார். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி எல்லாம் சரியென்றால் மாணவர் கையெழுத்திடுவார். சந்தேகம் வந்தால் பெற்றோர் வருவார்கள். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்தச் சான்றிதழில் ஓர் எழுத்து பிசகினால், அந்தப் பிள்ளை எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்று நாங்கள் கண்டிருக்கிறோம்.

விமானிகள் அடைவுக்கும் இதுவே போதும். ஒவ்வொருவரும் தம் வரியைப் பார்த்து ஒப்ப வேண்டும். சான்றிதழின் வகையும் எடைப் பிரிவும் முடிவுத் தேதியும் சான்றிதழைக் கண்ணால் பார்த்தே எழுதப்பட வேண்டும். தெளிப்பு, அளவை, ஆலை ஆய்வு, பால ஆய்வு ஆகியவை தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முன்பு செய்த வேலை ஒன்றையாவது காட்டியவருக்கே குறியிட வேண்டும். காப்பீடு எந்தத் தேதி வரை என்பது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கடைசியாகச் சரிபார்த்த நாள்’ ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தெரிய வேண்டும். ஓராண்டு தாண்டிய வரி தானாக மறைய வேண்டும்.

இப்படிச் சல்லடை போட்டால் பட்டியல் சுருங்கிவிடும், புதியவர்களுக்கு வாய்ப்புப் போய்விடும் என்று என் மாணவர் வாதிட்டார். நியாயமான கவலை. அதற்காகப் புதியவரை அனுபவசாலியாகக் காட்ட வேண்டியதில்லை; ‘உதவியாளராக வரத் தயார்’ என்று ஒரு கட்டம் வைக்கலாம். தெரிந்தவருடன் நான்கு வேலைக்குப் போய்வந்தால் அவரும் தேறிவிடுவார். வெளியூர் நிறுவனங்கள் தங்கள் ஆட்களையே அழைத்துவந்து சுரங்கத்தை அளந்துவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமானால், உள்ளூர்ப் பட்டியலை நம்பலாம் என்ற பெயர் முதலில் வர வேண்டும். முதல் மூன்று அழைப்புகளில் இரண்டு தவறான எண்ணாக இருந்தால், நான்காவது ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மதிப்பீடு

இம்முயற்சியின் நோக்கத்தில் குறை இல்லை. வேலை இருக்கும் ஊரில் வேலை தெரிந்தவர் யாரென்று தெரியாமல் இருப்பது நெடுநாள் குறை. அதைத் தீர்க்க இளைஞர்கள் சம்பளமின்றி உழைப்பது பாராட்டுக்குரியது. குறை, எண்ணிக்கையைப் பெருமையாகக் கொள்வதில் இருக்கிறது. எத்தனை பெயர் என்று கேட்பதைவிட, இதில் எத்தனை பேரிடம் நேரில் பேசியிருக்கிறீர்கள் என்று கேட்பது சரியான அளவுகோல்.

விரிதாளைத் திருப்பிக் கொடுத்தபோது, ஊர்ப்பெயர்களைத் திருத்தியிருந்தேன். ஆட்பெயர்களில் பலவற்றைத் திருத்தவில்லை. அவற்றை எப்படி எழுதுவது என்று அந்தந்த ஆளிடம்தான் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தேன். மாணவர் இப்போது ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.