பின்பாட்டு

உடுக்கைப் பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று எனக்கே சந்தேகம். கொங்கு நாட்டின் பெருங்கதையான அண்ணன்மார் கதையை நான் முழுதாகக் கேட்டவனல்ல.

1990களின் நடுப்பகுதி, எனக்குப் பதினாறு வயது இருக்கும். பெருந்துறைக்குப் பக்கத்தில் என் அப்புச்சியின் ஊர்க் கோயில் வாசலில் ராத்திரிதோறும் அந்தக் கதை நடந்தது. பாடகர் உடுக்கையை அடித்து ஓர் அடி பாடுவார். தாளம் போடுகிறவர் அதே அடியைத் திருப்பிப் பாடுவார். சொன்னதையே சொல்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும். பொன்னரும் சங்கரும் பிறப்பதற்கு முன்பே நான் தூங்கிப் போவேன். படுகளம் பாடிய ராத்திரி சிநேகிதர்களோடு ஈரோட்டுக்கு சினிமா பார்க்கப் போய்விட்டேன். காலையில் அப்புச்சி, "நேத்து ஊரே அழுதுச்சு கண்ணு. நீ எங்க போயிட்டே?" என்று மட்டும் கேட்டார். கோபித்துக்கொள்ளவில்லை.

சென்ற மாசியில் பெருந்துறைப் பக்கம் ஒரு திருவிழா மேடையில் அதே கதையைக் கேட்டேன். ஒரு மணி நேரம், கீபோர்டு உண்டு. பாடகர் இளைஞர். அன்று நான் கேட்ட கிழவரைவிட இவருக்கு நல்ல குரல். கிழவருக்கு நடுச்சாமத்துக்குமேல் தொண்டை கட்டிவிடும். ஞாபகம் எதையும் இனிப்பாக்கிக் காட்டும். அதை நம்பி விமர்சனம் எழுதக் கூடாது. ஆனாலும் கொம்பன் பன்றியின் வேட்டை முடிந்து கூட்டம் கை தட்டியபோது என் மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. ஏன் என்று யோசித்தேன். பின்பாட்டுக்காரர் இல்லை.

அடி திரும்பி வரும் நேரத்தில் பாடகர் அடுத்த அடியைக் கட்டிக்கொள்கிறார். கேட்கிறவர்கள் முந்திய அடியை அசைபோடுகிறார்கள். கிழவிகள் "அடப் பாவமே" என்பார்கள். அது காதில் விழுந்தால் பாடகர் அந்த இடத்தில் இன்னும் நாலு அடி கூட்டுவார். கொட்டாவி கேட்டால் தாண்டிப் போவார். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். ஒரே பாடகர் ஊரார் முன் பாடியதையும், எழுதுகிறவருக்குச் சொல்லி எழுதவைத்ததையும் 1982இல் வந்த தம் ஆராய்ச்சி நூலில் ஒப்பிட்டுப் பார்த்தார். பாடகர் ஒருவரே, எதிரே இருப்பவர் மாறும்போது கதையும் மாறுகிறது.

மைக்கின்மேல் எனக்குக் குறையில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவரைப் பதினெட்டு ராத்திரி கண் விழிக்கச் சொல்லவும் முடியாது. வம்ச வரிசை, சீர் வரிசை எல்லாவற்றையும் குறைத்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் இவர்கள் வேட்டையை வைத்துக்கொண்டு படுகளத்தை வெட்டிவிட்டார்கள். இறந்து கிடக்கும் அண்ணன்மாரைத் தேடித் தங்கை தங்காள் வனத்தில் அலைகிறாள்; சற்று நேரம் அவர்களை எழுப்பிப் பேசுகிறாள். அத்தனை வீரத்தையும் பாடிவிட்டு, அதற்கு ஆன விலையை ஒரு பெண்ணின் வாயால் சொல்லுகிற இடம் அது. அண்ணன்மாருக்குத் துணையாக வரும் பறையர் குலத்துச் சாம்புவனையும் அந்த மேடையில் காணோம். இவர்கள் இருவரும் இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் சண்டைக் கதை. ஒரு சாதியார் மீசை முறுக்கிக்கொள்ளத்தான் உதவும்.

முடிந்ததும் பாடகரிடம், "படுகளம் பாடறதில்லீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க. எங்கப்பா பாடிக் கேட்டிருக்கேனுங்க. நேரம் குடுக்கறதில்லீங்க. பின்பாட்டுக்கும் ஆளில்லீங்க" என்றார்.

அன்று நான் படுகளத்தை விட்டுவிட்டுப் போனேன். இன்று வந்து உட்கார்ந்தால் படுகளம் இல்லை. கோயில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு யோசனை சொல்லுவேன். ஒரே ஒரு ராத்திரி தங்காளுக்கென்று ஒதுக்குங்கள். மேடை வேண்டாம், வாசலே போதும். பின்பாட்டுக்காரருக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள். இந்தத் தடவை நான் சினிமாவுக்குப் போக மாட்டேன்.