கோபாற்று மட்டுமா கொடுத்தது?

"கோபாற்று மூன்றிலை இருந்து நாலாகுது எண்டு சொன்னால் பிள்ளையளுக்குக் காணும் சேர். அதுக்கு மேலை போனால் குழம்பிப் போடுவினம்." கோப்பாயில் அண்மையில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றின் தேநீர் வேளையில் நண்பர் ஒருவர் சொன்னது இது. இருபது வருடமாக நான் கேட்டுவரும் வாதம். 2019இல் இலிதியம் அயன் பற்றரிக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு இதற்குப் புதுத் தெம்பு வந்துவிட்டது. பரிசு பெற்றவர்களில் ஒருவரான குட்இனஃபின் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம் என்பதால் தமிழில் கட்டுரைகள் குவிந்தன. நான் வாசித்தவற்றில் அநேகமானவை ஒரே கதையைத்தான் சொல்லின: சார்ச் ஏற்றும்போது இலிதியம் அயன் கதோட்டை விட்டு வெளியேறுகிறது, அதற்கு ஈடாகக் கோபாற்று ஓர் இலத்திரனை இழந்து +4 ஆகிறது. அவ்வளவுதான்.

ஒட்சியேற்ற எண்ணின் பயனை நான் மறுக்கவில்லை. ஏற்றச் சமநிலையை எழுத அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. இலிதியம் கோபாற்று ஒட்சைட்டின் கொள்ளளவு கிராமுக்கு 274 மில்லியம்பியர் மணி என்று ஒரு வரியில் கணித்துவிடலாம். இரும்புப் பொசுபேற்றுக் கதோட்டில் இரும்பு +2 இலிருந்து +3 ஆகிறது என்பது பெருமளவுக்கு உண்மையும்கூட. கணக்குக் கணக்காகவே இருக்கும்வரை எனக்கு அதோடு சண்டையில்லை.

கணக்கை நடப்பு என்று சொல்லும்போதுதான் சண்டை. எங்கள் பக்கத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு எழுதியிருக்கும்: இவருக்கு அரைவாசி, அவருக்குக் கால்வாசி என்று. வழக்கு வந்தால் அந்த வரி பெறுமதியானது. ஆனால் யாருடைய முறையில் இறைத்தாலும் எல்லோருக்கும்தான் நீர்மட்டம் இறங்கும். கோபாற்று ஒட்சைட்டு அப்படியொரு பங்குக் கிணறு. கோபாற்றின் 3d இலத்திரன்கள் இருக்கும் சக்திப் பட்டை ஒட்சிசனின் 2p பட்டையின் மேல் விளிம்போடு கலந்து கிடக்கிறது. அங்கிருந்து எடுக்கப்படும் இலத்திரனைக் கோபாற்றின் தனிச்சொத்து என்று சொல்ல முடியாது. ஒட்சிசனுக்கும் அதில் கணிசமான பங்குண்டு என்பதை 1998இலேயே ஆய்வாளர் செடரின் குழு கணித்துக் காட்டியது. பின்னர் எக்ஸ் கதிர் உறிஞ்சல் அளவீடுகளிலும் சார்ச் ஏற ஏற ஒட்சிசனின் நிறமாலை மாறுவது தெரிந்தது. இன்னொன்று: இலிதியத்தில் ஒரு பகுதி வெளியேறியதுமே, காவலியாக இருந்த அந்தப் பொருள் உலோகம்போல் மின்னைக் கடத்தத் தொடங்குகிறது. இலத்திரன்கள் பட்டை முழுவதும் பரந்து திரியும் அந்த நிலையில் +4 கோபாற்று எது என்று விரலால் சுட்ட நண்பரால் முடியுமா?

"நுணுக்கம்தானே" என்பார்கள். இல்லை. 274 என்று கணக்குச் சொன்ன அதே கதோட்டிலிருந்து நெடுங்காலம் எடுக்க முடிந்தது ஏறக்குறைய 140தான். பாதி இலிதியத்தோடு நிறுத்தவேண்டியிருந்தது. ஏன்? கணக்கிடம் பதில் இல்லை. படிக அடுக்குகள் நிலைமாறுவது ஒரு காரணம்தான். ஆனால் அடியில் கிடக்கும் காரணம், மேலும் இறைத்தால் ஒட்சிசனே நிலைகுலைந்து வெளியேறத் தொடங்கும் என்பது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராவதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். பங்கு வரியைப் பார்த்து உவரைக் கணிக்க முடியாது. சூடேறிய பற்றரி தீப்பிடிப்பதில் இப்படி வெளியேறும் ஒட்சிசனுக்குப் பங்குண்டு என்பதால் இது வெறும் ஏட்டு விவகாரமும் அல்ல.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. மந்திரத்தைக் கொண்டாடியவர்கள் அவர் காட்டியதைப் பார்க்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் அவரும் குட்இனஃபும் ஒரே வகைக் கட்டமைப்புடைய இரண்டு இரும்புச் சேர்வைகளை ஒப்பிட்டார்கள். இரும்பு மொலிப்டேற்று இலிதியத்துக்கு எதிராக 3.0 வோல்ற்று தந்தது; இரும்புச் சல்பேற்று 3.6. இரண்டிலும் இரும்பு +3, +2 என்ற ஒரே சோடிதான். ஒட்சியேற்ற எண் கணக்கில் இரண்டும் ஒரே வரி. அந்த 0.6 வோல்ற்று எங்கிருந்து வந்தது? கந்தகம் ஒட்சிசனைத் தன் பக்கம் இறுக்கிப் பிணைப்பதால் இரும்புக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலான பிணைப்புத் தளர்கிறது, இரும்பின் சக்தி மட்டம் கீழிறங்குகிறது, மின்னழுத்தம் கூடுகிறது. உலோகத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது, அயலையும் பார் என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். அவருக்கு மாலை போட்ட கட்டுரைகளோ ஒட்சிசனை வேடிக்கை பார்க்க வந்தவராக ஓரமாய் நிறுத்திவிட்டன.

2013இல் மாரியப்பன் சத்தியாவும் சகாக்களும் இலிதியம் மிகுந்த ருதேனியம்–வெள்ளீய ஒட்சைட்டில் ஒட்சிசன் நேரடியாகவே இலத்திரன் கொடுத்து வாங்குவதைக் காட்டினார்கள். அது எந்த வடிவில் நடக்கிறது, பொருளுக்குள் ஒட்சிசன் மூலக்கூறுகள் அடைபடுகின்றனவா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. எல்லாமே ஒட்சிசன்தான் என்று மறுகரைக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒட்சிசனுக்கு இதில் வேலையே இல்லை என்ற கதை எந்தப் பக்கத்திலும் எஞ்சவில்லை, எங்கள் வகுப்பறைகளைத் தவிர. எளிமைப்படுத்துகிறோம் என்கிறார்கள். எளிமையாக்கிய உண்மையில் கேள்வி கேட்க இடமிருக்கும். இதில் கேள்வியே எழுவதில்லை. அதை நான் பொய் என்றே சொல்வேன்.

வீட்டுச் சூரிய மின்சாரத்துக்குப் பற்றரி வாங்கப்போகும் தகப்பன், உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் மகனிடம் கேட்கிறார்: இரும்புப் பொசுபேற்றா, நிக்கல் கலந்ததா, எது பயமில்லாதது? "ரண்டிலையும் ஓர் இலிதியத்துக்கு ஓர் இலத்திரன்தான் அப்பா" என்பதற்குமேல் அவனால் என்ன சொல்ல முடியும்? பொசுபரசு தன் ஒட்சிசனை இறுக்கிப் பிடித்திருப்பதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

அன்று தேநீர் ஆறுவதற்குள் ஒரு கடுதாசியில் ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கும் இரண்டு பட்டைகளை வரைந்து நண்பரிடம் நீட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கவனமாகப் பார்த்தார். "வடிவாய் விளங்குது சேர்" என்றார். பிறகு கடுதாசியை மடித்துக்கொண்டே, "ஆனால் இது சோதினைக்கு வராதே" என்றார்.